டுக்விட்ஸ் வெளியிட்ட இரகசியம்

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன், அவனை நொந்து பயனில்லை என்று சொல்லப்படும் சமாதானத்தை நான் ஏற்க மறுப்பதற்கு, கெயோர்க் பெர்டினாண்ட் டுக்விட்ஸ் என்ற ஜெர்மானிய ராஜதந்திரியின் சரித்திரமும் ஒரு காரணம்.

பிரெமன் நகரில் 1904-இல் பிறந்த டுக்விட்ஸ், 1932-இல், அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே, நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவரைப் புகழ்வோர் சிலர் இதை மென்று விழுங்கிவிடுகிறார்கள். அது அநாவசியம், பிறவியிலேயே புண்ணியாத்மாவான ஒருவர் நற்காரியம் செய்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? கட்சியின்மேல் கொண்ட மோகம் தெளிந்த பின், 1939-இல் அவர் கோபன்ஹேகனிலிருந்த ஜெர்மன் தூதரகத்தில் கப்பல் போக்குவரத்து விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியாக அமர்ந்தார்.

1943 செப்டம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கில் அதன் பிரதிநிதியாயிருந்த வெர்னர் பெஸ்ட், அந்நாட்டு யூதர்களை அப்புறப்படுத்த வேண்டுமென்று பெர்லினுக்குத் தந்தி கொடுத்தார். மூன்று நாள் கழித்து அதை டுக்விட்ஸிடமும் சொன்னார். பெஸ்டின் அந்தரங்கம் இன்றளவும் புரியாத புதிர்தான். டுக்விட்ஸ் உடனே பெர்லினுக்குப் பறந்து தடுக்க முயன்றும் காரியம் கைமீறிப் போயிருந்தது. பிறகு ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, தப்பி வரும் யூதர்களுக்குப் புகலிடம் கிடைக்குமா என்று சுவீடன் பிரதமர் பேர் அல்பின் ஹான்சனிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

செப்டம்பர் 28-ஆம் தேதி, டேனிஷ் சமூக ஜனநாயகக் கட்சியினர் கூடியிருந்த இடத்துக்கே அவர் போய், வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வெளிறிய முகத்தோடு, தேடுதல் வேட்டை நெருங்கிவிட்டதைத் தெரிவித்தார். செய்தியை எடுத்துக்கொண்டு ஓடிய, அக்கட்சியினரில் ஒருவரான ஹான்ஸ் ஹெட்டோப்டை, யூத சமூகத்தின் தலைவரான ஹென்ரிக்கஸ் முதலில் நம்பவேயில்லை. பொய் என்றே சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஜெபாலயத்தில் கூடியவர்களிடம் எச்சரிக்கை சொல்லப்பட்டு, அது வீடு வீடாகப் பரவியது. அக்டோபர் முதல் தேதி இரவு போலீஸார் கதவுகளைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. அடுத்த சில வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் ஜலசந்தியைக் கடந்து சுவீடன் சேர்ந்தனர். ஏறக்குறைய 470 பேர் அகப்பட்டுத் தெரேசின்ஸ்டாட் முகாமுக்குப் போனார்கள். படகோட்டிகளும், வைத்தியர்களும், அண்டை வீட்டாரும் செய்த உபகாரத்தை ஒரு தனிமனிதர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனால் அத்தனை பேருக்கும் வேண்டியிருந்த அவகாசம் ஓர் உத்தியோகஸ்தர் இரகசியத்தை வெளியிட்டதால் கிடைத்தது.

யுத்தத்துக்குப்பின் டுக்விட்ஸ் டென்மார்க்கிலும், 1961 முதல் 1965 வரை புது டில்லியிலும் மேற்கு ஜெர்மனியின் தூதராயிருந்து, வெளியுறவு அமைச்சகச் செயலாளராக உயர்ந்து, 1970-இல் போலந்துடன் உடன்படிக்கைப் பேச்சும் நடத்தினார். ஆனால் மேலிடத்தை மீறிய எல்லோருக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. அதே அமைச்சகத்தில் பணிபுரிந்த பிரிட்ஸ் கோல்பே, யுத்தகாலத்தில் நூற்றுக்கணக்கான இரகசியப் பத்திரங்களை ஸ்விட்சர்லாந்திலிருந்த அமெரிக்கர்களிடம் கூலி வாங்காமல் சேர்த்தவர். யுத்தம் முடிந்தபின் அவருக்கு அமைச்சகத்தில் உத்தியோகம் மறுக்கப்பட்டது. பகைவனிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. கடைசிவரை கீழ்ப்படிந்தே இருந்து பழைய நாற்காலிகளுக்குத் திரும்பிய சகாக்களுக்கு, கீழ்ப்படியாதவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது சங்கடமாய் இருந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம். கோல்பே யந்திர ரம்பங்களை விற்றுப் பிழைத்து 1971-இல் காலமானார். அமைச்சகம் தன் கட்டடத்தில் ஒரு மண்டபத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது 2004-இல்.