மறைந்த செந்நிறம்

அம்பிகையின் திருவடிகளுக்குரிய செம்பஞ்சுக் குழம்பை அறியாத அடியவர் அரியர். நூல்கள் அலத்தகம் என்று குறிக்கும் அச்சாயம், புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து கிடைப்பது. அரக்கு வடமொழியில் லாக்ஷா எனப்படும். சாயத்திலிருந்து ஆக்கப்படும் வண்ணத்தூளை ஐரோப்பிய ஓவியர்கள் 'லேக்' என்று அழைத்ததும் இச்சொல்லின் வழிவந்ததே.

அத்தகைய வண்ணங்களுள் பெரும்புகழ் பெற்றது 'கார்மைன்'. மெக்சிகோ நாட்டுச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சி அதன் மூலம். 1521-இல் அந்நாட்டை வென்ற ஸ்பானியர் அதனைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றனர். ஒரு பவுண்டு உலர்ந்த சரக்குக்குச் சுமார் 70,000 பெண் பூச்சிகள் மடிய வேண்டும். (அயல்நாட்டு இனிப்புப் பொட்டலங்களில் 120 என்னும் எண் காணப்பட்டால் அது இச்சாயமே, புலால் மறுப்போர் கவனிக்க.)

பூச்சியைப் பொடித்துக் கொதிக்கவைத்து வடித்தால் செஞ்சாறு கிடைக்கும். ஆயினும் அது துணிக்கு ஏற்ற சாயமேயன்றி, தூரிகைக்கு உரிய வண்ணமன்று. அதில் படிகாரக் கரைசலைக் கலந்து, சாம்பல் உப்பு நீரைச் சிறிது சிறிதாக விடவேண்டும். அவசரப்பட்டால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நுரை பொங்கிவிடும். நுரை அடங்கியபின் அடியில் தங்கும் செவ்வண்டலைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தனர். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் ஆய்வாளர்கள் பழைய செய்முறைகளைப் பின்பற்றி இத்தகைய வண்ணங்களை மீண்டும் ஆக்கி, ஒளியில் வைத்துச் சோதித்துள்ளனர். ஏனெனில் இச்செந்நிறத்தின் பகை ஒளியே.

அதற்குச் சான்று, பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் தீட்டிய மதாம் கிளாப்பிசோன் என்னும் சீமாட்டியின் உருவம். அது சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. நீலமும் சாம்பலுமான அமைதியான பின்னணியே ஓவியர் கருதியது என்று காண்போர் நம்பினர். பராமரிப்பாளர்கள் மரச்சட்டத்தைக் கழற்றியபோது, அது மறைத்திருந்த விளிம்பில் மட்டும் பளிச்சென்ற சிவப்பு வாடாமல் இருந்தது! வேதியியலறிஞர் ரிச்சர்ட் வான் டைன், நுண்ணிய துகளை லேசர் ஒளியால் ஆராய்ந்து, அது கார்மைன் என்று கண்டார்.

மூல ஓவியத்தின்மீது எவரும் புதுச் சிவப்பைப் பூசத் துணியவில்லை. அதுவே முறை. கணிப்பொறியின் துணைகொண்டு இழந்த நிறத்தை ஏற்றிய படியொன்றை ஆக்கி, 2014-ஆம் ஆண்டுக் காட்சியில் மூலத்துடன் வைத்தனர். மங்கிய படத்தில் தனித்துத் தெரிந்த சீமாட்டி, படியில் செக்கச் சிவந்த பின்னணியின் நடுவே அமர்ந்திருந்தாள்.