கூலியைப் பறிப்பதும் வன்முறையே

கையில் காசு இருந்தால் கணவன் மதிப்பான், வேலைக்குப் போகும் பெண்ணை அடிக்கத் துணிய மாட்டான் என்ற நம்பிக்கை நம் தோழர்களிடமும் உண்டு. கணக்குகள் அதை ஆதரிக்கவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியச் சராசரி 29.3. ஊதியத்துக்கு உழைக்கும் பெண்களே கூடுதலாக அடிபடுகிறார்கள் என்பதையும் இக்கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் வேலை என்பது வயற்கூலி, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை. பணம் வங்கிக்கு வந்தாலும் ஏடிஎம் அட்டை கணவனின் சட்டைப்பையில் இருந்தால் கணக்கு அவள் பெயரில் இருந்து என்ன பயன்?

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதை அறிந்தே வைத்திருக்கிறது. அதன் விதிகளில் உள்ள முதல் படிவம், கூலியை வலிந்து பறிப்பதையும் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதையும் வன்முறையாகவே பட்டியலிடுகிறது. பணியிடத்துக்குள் கணவன் நுழையக் கூடாதென 18ஆம் பிரிவின் கீழ் உத்தரவு பெறலாம். இழந்த வருவாயை 20ஆம் பிரிவின் கீழ் கோரலாம். ஆயினும் நம் வழக்கறிஞர்கள் எழுதும் மனுக்களில் பெரும்பாலும் அடித்த கதை மட்டுமே ஏறுகிறது. கூலியின் கதை விடுபடுகிறது.

அறுபது நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா நீளும்போது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். 2025–26இல் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். பாதுகாப்பு அலுவலரைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் போவதும் அவ்வாறே. வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்கள் வேண்டும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலங்குடி வட்டத்தில் அது என்ன ஆனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தலித் பெண்ணுக்கு இன்னொரு தடையும் உண்டு. "நம்ம தெரு விஷயத்தை ஊராரிடம் கொண்டு போகாதே" என்பார்கள் பெரியவர்கள். அந்த அச்சம் பொய்யன்று. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி வழக்கில் அதே தலித் மக்களில் மூவரையே குற்றம்சாட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கலான மாவட்டம் இது. காவல்துறையை நம்பச் சொல்ல நமக்கே நா எழவில்லை. ஆனால் அந்த அவநம்பிக்கையின் விலையைப் பெண்ணின் உடலே கட்டுகிறது. மனைவி கணவனின் அடிமையல்ல, தோழி என்று 1942இல் நாக்பூரில் அம்பேத்கர் பேசியதை மேடைகளில் சொல்கிறோம். அடிக்கும் தோழரைக் கிளைக் கூட்டத்தில் கேள்வி கேட்பதில்லை. கணவனும் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உதவாது.

காவல் நிலையம் போகாமலும் ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடப்பதாக நம்பும் எவரும், பாதிக்கப்பட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாதுகாப்பு அலுவலருக்கு நேரடியாகத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர்மீது வழக்கு வராது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்கள் அந்த முதல் படிவத்தை அச்செடுத்துக் கொண்டு போகலாம்.