தூரம் ஒன்று, நேரம் பல

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வான்வழியில் சுமார் 12,400 கிலோமீட்டர். எங்கள் கிளைக்கு வந்த ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அதனை விமான வேகமாகிய 900-ஆல் வகுத்து, 14 மணி நேரத்தில் மகள் ஊரில் இறங்கிவிடுவோம் என்றார். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் வானம் அவ்வளவு எளிய கணக்குக்கு அடங்குவதில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இத்தடத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. நேரமோ 2 மணி அளவுக்குக் குறைந்து 14.5 மணி ஆயிற்று. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று விமானத்தைப் பின்னின்று தள்ளியதே காரணம். காற்று மட்டுமன்று, அரசியலும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019-இல் சில மாதங்கள் மூடியது. 2025 ஏப்ரலில் மீண்டும் மூடியது. அதன்பின் தில்லியிலிருந்து வட அமெரிக்கா செல்லும் விமானங்கள் சில, எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க நேர்ந்தது.

எங்கள் வாடிக்கையாளரும் மனைவியும் சென்றது மலிவான இணைப்பு விமானத்தில். இரு பயணங்களுக்கும் தனித்தனிப் பயணச்சீட்டு. முதல் விமானம் தாமதமாகவே இரண்டாவது கிளம்பிப் போய்விட்டது. அயல்நாட்டு நிலையத்தில் ஓரிரவு. கையில் இருந்தது எங்கள் டெபிட் கார்டு ஒன்றே. அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்படவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி அதனை வாடிக்கையாளரே திறந்துகொள்ள வேண்டும். செயலியில் திறக்கலாமென்றால், ரோமிங் இல்லாத கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரவில்லை. இருவருக்கும் சர்க்கரை நோய். மாத்திரைகளோ பெட்டியோடு சரக்கறையில். மகள் அங்கிருந்தே புதிய பயணச்சீட்டு எடுத்து அனுப்பும்வரை அவர்கள் பட்ட பாட்டைத் திரும்பி வந்து அவர் சொன்னபோது, எங்களால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. பயணத்தைப் பற்றி எங்களிடம் அத்தனை பேசியவரிடம் கார்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இது: முதியோருக்குப் பயணச்சீட்டு எடுக்கும் பிள்ளைகள் தூரத்தையும் கட்டணத்தையும் பின்னுக்குத் தள்ளி, வீட்டுவாசலிலிருந்து வீட்டுவாசல் வரையிலான மணிக்கணக்கை முதலில் பார்க்க வேண்டும். இணைப்பு விமானம் தவிர்க்க இயலாததாயின் இரண்டும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதித்தால் மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போது பொதுவாக நிறுவனத்துடையது. சேமிக்கும் சில ஆயிரங்களுக்காக அப்பொறுப்பைப் பெற்றோர் தலையில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

நாள்கணக்கிலும் கவனம் தேவை. கோடையில் இரு ஊர்களுக்கும் நேர வேறுபாடு 12.5 மணி. தில்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறப்பவர், அங்கே அதே நாள் காலை 7.30-க்கு இறங்குவார். திரும்புகையில் திங்கள் காலை கிளம்பினால் தில்லி வருவது செவ்வாயன்று. பயணக் காப்பீட்டைத் திங்களோடு முடித்துக்கொண்டோர் சிலரை நாங்கள் கண்டதுண்டு.

இப்போது எங்கள் கிளையில் யாரேனும் வெளிநாட்டுப் பயணம் என்றதும், எத்தனை இடத்தில் இறங்குகிறீர்கள் என்று கேட்கிறோம். கார்டை அவர்கள் கண்முன்னேயே திறக்கச் செய்கிறோம். அந்தத் தம்பதியர் வரும் மே மாதம் மறுபடி செல்கிறார்கள். இம்முறை நேரடி விமானம்.