விளையாட்டுக் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம்

இரண்டு மாதங்களுக்கு முன், பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த தந்தையை அழைத்து வந்த மகன் ஒருவர், கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கண்களை மறைக்கும் கருவியை அணிந்த நோயாளி ஒருவர், வெறுங்காற்றில் கையை நீட்டிப் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இது மதுரையிலோ சென்னையிலோ இருக்குமா டாக்டர்? தோட்டத்தை ஒத்திக்கு வைத்தாவது அழைத்துப் போகிறேன்" என்றார். நோய் கண்டு ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அதுவரை சோறூட்டியது முதல் தலை வாரியது வரை எல்லாவற்றையும் வீட்டாரே செய்திருந்தார்கள். அந்தக் கைக்கு ஒரு வேலையும் தரப்படவில்லை.

மெய்நிகர் காட்சிக் கருவிகளையும் கணினி விளையாட்டுகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சி இயந்திரமும் கணினி விளையாட்டோடுதான் இயங்குகிறது. ஆனால் அவற்றின் பயன் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மூளையின் ஒரு பகுதி பழுதடைந்தால், எஞ்சிய பகுதிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்ள முயலும். அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கையால் ஒரு வேலையைச் செய்து பழகும் பயிற்சி, ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறையே நடந்திருந்தது. அலுப்புத் தட்டாமல் அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதே விளையாட்டின் வேலை.

2016இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. 141 நோயாளிகளில் ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு 'நிண்டெண்டோ வீ' விளையாடினர். மறு பிரிவினர் சீட்டு, பிங்கோ, பந்து போன்றவற்றை ஆடினர். இரண்டு வாரங்களில், ஒரு மணி நேரம் வீதம் 10 அமர்வுகள். இரு பிரிவினரின் கைகளும் தேறின. கருவியால் கூடுதல் நன்மை ஏதும் காணப்படவில்லை. எனவே அருகில் கருவி இருந்தால் பயன்படுத்துங்கள். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மலைக் கிராமத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறுவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். முதல் மூன்று மாதங்களோ, கை விரைந்து தேறக்கூடிய காலம்.

விரல் ஓரளவு அசைபவர்களுக்கு வீட்டிலேயே வழி உண்டு. பல்லாங்குழியின் 14 குழிகளிலும் குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகளைத் தளர்ந்த கையால் ஒவ்வொன்றாக இட்டால், ஒரு முறை நிரப்புவதற்குள் 70 முறை பயிற்சி ஆகிவிடும். நம் மலைப்பூண்டைப் பல் பல்லாக உதிர்ப்பதும் நல்ல பயிற்சியே. கத்தி மட்டும் வேண்டாம்.

விரலே அசையாதவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி உதவும். அதை மார்புக்கு நேரே நிறுத்தி, தளர்ந்த கையைப் பின்புறம் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைத்து, பிம்பத்தையே பார்க்க வேண்டும். தளர்ந்த கை அசைவதாக மூளை காணும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கையிழந்தோரின் வலிக்காக அமைத்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த முறை இது. அவரும் அதை 'மெய்நிகர்' பெட்டி என்றே குறிப்பிட்டார் என்பது எனக்கு எப்போதும் புன்னகை வரவழைக்கும்.

எந்தப் பயிற்சியையும் உட்கார்ந்தே செய்யுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் வலி நிலைத்துவிடும். வலிப்போ தலைசுற்றலோ உள்ளவர்கள், கண்ணை மறைக்கும் கருவியை எங்களைக் கேட்காமல் அணிய வேண்டாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்த மகனிடம் பல்லாங்குழி இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் கிடப்பதாகச் சொன்னார். தினமும் எண்ணிக்கையை எழுதி வரச் சொன்னேன். முதல் நாள் 11. பதினைந்தாம் நாள் 140. சட்டைப் பொத்தானை இன்னும் அவரால் போட முடியவில்லை. எதிரே உட்கார்ந்து ஆடும் பேத்தியை இரண்டு முறை வென்றிருக்கிறாராம். அவள் விட்டுக்கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.