கை தவறியதா, கணக்குத் தவறியதா?

தோழரே!

"மருந்தை மாற்றிப் போட்டாள் செவிலி, மாண்டார் நோயாளி" என்று ஏட்டிலே கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. படித்ததும் உமது குருதி கொதிக்கிறது. கொதிப்பது முறைதான், போனது உயிரல்லவா! ஆயினும், ஒரு செய்தி சொல்வேன், பொறுத்துக் கேளும்.

அமெரிக்க நாட்டு நாஷ்வில் நகரம், 2017 டிசம்பர். 75 வயது மூதாட்டிக்கு ஸ்கேன் எடுக்குமுன் அச்சம் தணிக்க ஒரு மருந்து தரவேண்டும். செவிலி, மருந்து வழங்கும் இயந்திரத்திலே பெயரின் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டினார். வந்ததோ, தசையை முடக்கி மூச்சை நிறுத்தும் வேறொரு மருந்து! குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. கண் பட்டிருக்கும், கருத்துப் படவில்லை. உடனிருந்த பயிற்சியாளரிடம் பேசியபடி கவனம் சிதறினேன் என்று அவரே கூறினார். இயந்திரத்தின் தடையை மீறி மருந்தெடுப்பது அந்நாளில் அங்கே அன்றாட வழக்கம் என்றும் வழக்கு மன்றத்திலே வாதாடப்பட்டது. தவற்றை அவர் மறைக்கவில்லை. தாமே முன்வந்து சொன்னார். உரிமம் பறிபோயிற்று. 2022 மார்ச்சில் குற்றவாளி என்றனர். மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தனர். வழக்கத்தை வளரவிட்ட நிர்வாகமோ கூண்டிலே ஏறவில்லை!

பழகிய வேலையைக் கை தானே செய்யும்; காவலிருக்க வேண்டியது கருத்து. அந்தக் காவலை யார் கலைக்கிறார்கள்? சிட்னி நகர மருத்துவமனைகளில் செவிலியர் மருந்து கொடுப்பதை உடனிருந்து கவனித்து, 2010இல் ஆய்வாளர் முடிவு கூறினர்: இடையே ஒருமுறை குறுக்கிட்டால் தவறு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுகிறது. பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பணியில் தவறும் வாய்ப்பு மும்மடங்கு என்றது 2004ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு. பென்சில்வேனியாவிலே, செவிலி ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை முடிந்தோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதாக 2002இல் கண்டனர்.

நாமோ அவரை 'அன்னை' என்போம், 'தேவதை' என்போம். ஊதியம் கேட்டால் 'தொண்டு' என்போம்! 2015இல் தமிழகத்திலே தேர்வெழுதி வந்த செவிலியரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையிலே திரண்டு போராட நேர்ந்தது. வாடகைக் கவலையும் அந்தக் குப்பியைப் பிடித்த கையோடுதான் வார்டுக்குள் வருகிறது, தோழரே!

கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டமியற்றி 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது: தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு நோயாளிக்கு ஒரு செவிலி. செவிலியின் நினைவாற்றலையா அவர்கள் திருத்தினார்கள்? தலைக்கணக்கைத் திருத்தினார்கள்.

நாளை உம் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு சாவு விழுந்து, வாசலிலே கூட்டம் கூடினால், உம்மைத்தான் முன்னே தள்ளுவார்கள். கல்லெடுப்பவர் கையைப் பிடித்து நிறுத்தும். அன்றிரவு எத்தனை கட்டில், எத்தனை செவிலி, எத்தனையாவது மணி நேரம் என்று கேளும். வாய்மொழியில் பதில் வராது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பணிப்பட்டியலின் நகல் கேட்டு அன்றே மனு எழுதும்.