எஸ்.யூ.வி ஒரு பக்கம் சாயுதா? ஸ்பேசர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

விம்கோ நகரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஆபத்து. குட்டை ஸ்பிரிங் போட்டு உயரம் குறைத்த எஸ்.யூ.வி சாய்ந்து நின்றால், உடனே ரப்பர் ஸ்பேசர் வைத்துச் சமாளிக்காதீர்கள்.

முதலில் டயர்களில் சரியான காற்று நிரப்பி, லக்கேஜை இறக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து, இடது, வலதை ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் தெரிந்தால், ஸ்பிரிங் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பலரும் கோட்டைவிடுவது புஷ்ஷில்தான். சக்கரம் தொங்கும்போதே சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கியே வைக்கும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.