ஒளியிலும் கலப்படம்

அணுவின் கருவிலுள்ள புரோட்டானின் குறுக்களவை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறை அளக்க முடியுமா என்று கேட்டால் பரிகாசமென்றே தோன்றும். ஆயினும் அமெரிக்காவில் ஹான்போர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ நிலையங்கள் அதைச் சாதித்துவிட்டன. வெகுதூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதும்போது ஆகாசமே சற்று நீண்டு சுருங்குகிறது. அந்த ஈர்ப்பலை 2015-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி முதன்முதலாக அங்கே பதிவாயிற்று.

லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, செங்கோணத்தில் அமைந்த 4 கிலோமீட்டர் குழாய்கள் இரண்டில் செலுத்துகிறார்கள். அது 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்புகிறது. ஒரு குழாய் இம்மி நீண்டாலும், திரும்பிச் சேரும் ஒளியில் வேற்றுமை தெரியும்.

இதற்குத் தடையாய் நிற்பது ஒளியேதான்! ஒளி சீரான வெள்ளமன்று; மழைத் துளிகள்போல் தனித்தனியாக வந்து விழுவது. ஓட்டின்மேல் மழை பெய்யும்போது மெல்லிய பேச்சுக் கேட்குமா? விரைந்து துடிக்கும் அலைகளை இந்த இரைச்சல் மறைக்கிறது. ஒளியை மிகுத்தாலோ, துளிகளின் அடி கண்ணாடிகளையே அசைத்து, மெதுவாகத் துடிக்கும் அலைகளை மறைக்கிறது.

இயற்கையின் இச்சட்டத்தை மீற முடியாது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஓர் உபாயம் உண்டென்று 1981-ல் கார்ல்டன் கேவ்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். ஒளியற்ற வெற்றிடத்திலும் ஓயாத சலனம் உண்டு. கருவியின் வெளிவாசல் வழியே அது நுழைந்துதான் கலக்கம் விளைவிக்கிறது. தலையணையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்புமல்லவா? அதுபோல இடையூறான பக்கத்தில் சலனத்தை நெருக்கி, வேண்டாத பக்கத்தில் உப்ப விட்டு, அந்த 'நெருக்கிய ஒளி'யையே வாசலில் செலுத்தலாம். ஜெர்மனியின் ஜியோ 600 கருவி 2010-லும், லைகோ 2019-லும் இம்முறையை மேற்கொண்டன. 2023-ல் லைகோவில் 300 மீட்டர் நீளமுள்ள தனி அமைப்பொன்றைச் சேர்த்து, விரைந்த அலைகளுக்கு ஒரு விதமாகவும் மெதுவான அலைகளுக்கு வேறு விதமாகவும் நெருக்கினார்கள். கருவிக்கு எட்டும் வான்வெளியின் கன அளவு 65 சதவீதம் வரை பெருகிற்று.

இனிமேல்தான் பால்காரர் வருகிறார். ஒரு கரண்டிப் பாலை எடுத்துவிட்டு ஒரு கரண்டி நீரை ஊற்றினால் அளவு குறையாது, குணம் குறையும். நெருக்கிய ஒளியின் கதியும் இதுவே. கண்ணாடிப் பூச்சில் ஒரு குறை, கற்றையின் போக்கில் ஒரு பிசகு, எங்கே சிறிது ஒளி சிந்தினாலும் அந்த இடத்தைச் சாதாரண வெற்றிடத்தின் சலனம் வந்து நிரப்பிவிடும். பாதி ஒளி சிந்தினால், மூலத்தில் எவ்வளவு நெருக்கியும் இரைச்சலின் சக்தியைப் பாதிக்குக் கீழே இறக்க இயலாது. பத்தில் ஒரு பங்கே சிந்தினால் பத்தில் ஒரு பங்கு வரை இறக்கலாம். ஆகையால் கண்ணாடியை மெருகிடுவதும், பூச்சைத் தூய்மையாக்குவதும், கற்றையை நேராக்குவதும் அற்ப வேலைகள் அல்ல. அவற்றால் மிஞ்சும் ஒவ்வொரு பங்கும் பிரபஞ்சத்தின் இன்னொரு மூலையைக் காட்டக் கூடும்.

மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் இத்தகைய நிலையம் அமைக்க 2023-ல் இந்திய சர்க்கார் அனுமதி அளித்தது. அங்கே பணியாற்றப் போகும் நம் வாலிபர்களுக்கும் இதுவே முதற் பாடம். சம்பாதிப்பதைவிடச் சிந்தாமல் காப்பது கடினமென்று நம் இல்லத்தரசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!